சுடர் வரையாத படம்

செல்வராஜுக்கு உலகத்தில் மதிக்கத் தகுந்த மனிதர் என்று ஒருவரும் அகப்படவில்லை. தேடாமல் சொல்லவில்லை. மணலியில் தேடினார், குவைத்தில் ஒன்பது வருஷம் தேடினார், நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. அகப்பட்டவர்களெல்லாம் ஒன்று வேலை தெரியாதவர்கள், இல்லாவிட்டால் வேலை தெரியாததை மறைக்க மீட்டிங் போடுகிறவர்கள். இரண்டாவது ரகம் பிஸ்கட்டவேயில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அவர் வீடு வாங்கியதும் அங்கேதான்.

டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அவருக்கு ஆபரேட்டர் வேலை. காரில் போகிற நம் ஜனங்கள் அந்த இடம் வந்ததும் ஜன்னலை ஏற்றிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பின் சீட்டில் பிள்ளைகள் ‘யக்’ என்று கத்தும். விசேஷ வீடுகளில், “சார் எங்க ஒர்க் பண்றீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும், “ஓ, அந்த ஸ்மெல் வருமே, அங்கயா?” என்பார்கள்.

“ஆமா. நீங்க கார்ல பன்னீரா ஊத்தறீங்க?” என்பார் செல்வராஜ்.

கேட்டவர் அசடு வழியச் சிரித்துவிட்டுச் சட்னி எடுக்கிற சாக்கில் நழுவிவிடுவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே செல்வராஜ் நிம்மதியாக வடையைக் கடிப்பார். லேப்டாப் தட்டுகிறவனுக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் கட்சி.

கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் அது பொய். மணலியில் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்து, அங்கேயே எண்ணெய் ஆலையின் அடிமட்டத்தில் கிரீஸ் துடைத்து, படிப்படியாக மேலே வந்தவர். பம்ப் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்வார், சொன்னபடி போகும். அமெரிக்காவுக்கு மட்டும் அவர் கெட்டிக்காரத்தனத்தில் வரவில்லை. மனைவி வான்மதிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது, அந்த விசாவில் கூட ஒட்டிக்கொண்டு வந்தார். இதைச் சபையில் யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்.

ஆலையின் தெற்கு மூலையில் இருபது மாடி உயரத்துக்கு ஒரு ஒற்றைக் குழாய் நிற்கிறது. ஃப்ளேர் என்பார்கள். மிஞ்சிப்போகிற வாயுவையெல்லாம் அதன் உச்சியில் எரித்துத் தீர்ப்பார்கள். அதற்காக அங்கே ஒரு சின்னச் சுடர் இரவும் பகலும் எரிந்தபடி இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்தி மங்கும்போதுதான் தெரியும். அது அணைந்துபோனால் எரியாத வாயு நேராக ஊருக்குள் இறங்கும்.

சுடரைக் கண்காணிக்கிற சென்சாரும் காமிராவும் செப்டம்பரில் பழுதாகிவிட்டன. ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அவை திரும்பி வரும்வரை, டியூட்டியில் இருக்கிற ஆபரேட்டர் தினமும் அந்தி நேரத்தில் வெளியே போய் நின்று, தலையைத் தூக்கிச் சுடரைப் பார்த்து, லாக் ஷீட்டில் ‘எரிகிறது’ என்று எழுதி, நேரமும் கையெழுத்தும் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. செல்வராஜ் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாக எரிகிற சுடர். ஆபீஸ்காரர்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து அதைப் போய்ப் பார் என்கிறார்கள்.

அவர் போகவில்லை. ஆறரை மணி ஆனதும் நாற்காலியில் இருந்தபடியே காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ‘எரிகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் நாள் மட்டுமல்ல, அவர் முறை வந்த எல்லா நாளும் அப்படித்தான்.

உத்தரவை அட்சரம் பிசகாமல் செய்தவர் அல்பிரட். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தாறு வயது, அதிகம் பேச்சில்லாத ஆள். செல்வராஜின் ஷிப்ட் முடிந்தால் பெரும்பாலும் அவர் ஷிப்ட். சில வாரம் மாறியும் வரும். முறை வருகிற நாளெல்லாம் வெள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கழுத்து வலிக்கிற வரை மேலே பார்த்துவிட்டு வருவார்.

“போ போ, கார்த்திகை தீபம் பாத்துட்டு வா. கன்னத்துல போட்டுக்க மறந்துடாத,” என்று செல்வராஜ் எல்லார் முன்னாலும் சொல்வார். அல்பிரட் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். அது செல்வராஜுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அக்டோபர் பதினான்காம் தேதி செல்வராஜுக்குப் பகல் ஷிப்ட். ஆறரைக்கு வழக்கம்போல எழுதினார், ஏழு மணிக்கு அல்பிரட்டிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டார். ஏழு ஐந்துக்கு அல்பிரட், புகையை அடக்க, ஃப்ளேருக்குப் போகிற நீராவி வால்வைக் கொஞ்சம் திருப்பினார், அது வழக்கமான வேலை. பிறகு ஹெல்மெட்டோடு வெளியே போனார். சுடர் இல்லை. ஓடிவந்து அலாரம் கொடுத்தார். அதற்குள் ஆலையை ஒட்டி ஓடுகிற உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற ஜனங்கள் நாற்றம் தாங்காமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மூச்சுத் திணறிய ஆறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மணிக்கே நாற்றம் அடித்தது என்று ஒரு கிழவி சொன்னாள். அந்த ஊரில் எப்போதும்தானே அடிக்கிறது என்று அவள் பேச்சை ஒதுக்கிவிட்டார்கள்.

விசாரணைக்கு உட்கார்ந்தவர்களுக்கு விஷயம் சுலபமாகத் தெரிந்தது. ஆறரைக்குச் சுடர் எரிந்தது என்று சீனியர் ஆபரேட்டர் கையெழுத்து இருக்கிறது. ஏழு ஐந்துக்கு அல்பிரட் நீராவியைத் திறந்திருக்கிறார். ஏழே காலுக்குச் சுடர் இல்லை. அப்படியானால் நீராவியை அளவுக்கு மீறித் திறந்து அல்பிரட்தான் ஊதி அணைத்திருக்கிறார். அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, தீர்ப்பு. அது பாதகமாக வந்தால் இந்த வேலை போவதோடு முடியாது. ஊரை நாறடித்தவன் என்று பெயர் வாங்கிய ஆளை இன்னொரு ஆலை வாசலில்கூட நிறுத்தாது. இருபது வருஷமாகத் தெரிந்த ஒரே தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அல்பிரட் இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை செல்வராஜ் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார்.

“அண்ணை, நான் போய்ப் பாக்கேக்கயே அது அணைஞ்சு கனநேரம் ஆகியிருக்க வேணும். வாயு போற சத்தமும் வேற மாதிரிக் கேட்டது. நீங்கள் அண்டைக்கு வெளியில போய்ப் பாத்தனீங்களோ?”

“என் கையெழுத்து இருக்கா, இல்லியா?”

“கையெழுத்து இருக்குது அண்ணை. நான் கேட்டது அதை இல்லை.”

“வால்வைக் கன்னாபின்னான்னு திறந்துட்டு என்னைக் கேள்வி கேக்கறியா நீ? நான் ரிஃபைனரிக்கு வந்தப்போ நீ அரை டிராயர் போட்டுட்டு இருந்திருப்ப. போனை வை.”

வைத்தது இவர்தான். மனசாட்சி உறுத்தியதா என்றால் இல்லை. தான் பொய் சொல்வதாகவே செல்வராஜ் நினைக்கவில்லை, அதுதான் விசேஷம். வெளியே போகவில்லை, சரி. ஆனால் சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அது எரியும். அவருக்குப் பார்க்காமலே தெரியும். பார்த்துத் தெரிந்துகொள்வதெல்லாம் அல்பிரட் மாதிரி ஆட்களுக்கு.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை மத்தியானம் வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்கு அழைப்பு. மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர், புது வீடு கட்டி எட்டு மாதம் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாயிற்று, நீச்சல் குளத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. இந்தத் தடவை ஒரு படம் மாட்டியிருக்கிறார்களாம், அதற்கு. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி டவுன் லைப்ரரியில் நடந்த கண்காட்சியில் பார்த்து வாங்கியது. யாரோ அமெரிக்கக்காரி கரித்துண்டால் வரைந்ததாம்.

“உங்க பிளாண்ட்தான் சார் படத்துல! நீங்க வந்து எல்லாருக்கும் எக்ஸ்ப்ளெயின் பண்ணணும்,” என்று வெங்கடகிருஷ்ணன் போனில் சொன்னார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற இடத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கூத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்று செல்வராஜ் வான்மதியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஹாலில் சாம்பல் நிறச் சோபா, அதற்கு மேலே சாம்பல் நிறப் படம். “கலர் மேட்ச் ஆகுதுல்ல?” என்று அனந்தலக்ஷ்மி வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். படம் நான்கடி அகலம் இருந்தது. முன்னால் கழியும் நாணலும், அதற்கு அப்பால் ஆலை முழுவதும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றும் நேரம். வானத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கரியை ரப்பரால் தொட்டு எடுத்த இடமெல்லாம் விளக்குகளாக இருந்தன, படிக்கட்டுக்குப் படிக்கட்டு, குழாய்க்குக் குழாய்.

செல்வராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக உள்ளே போய் வந்தும் அந்த ஆலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அப்படித் தோன்றவைத்த அந்த அமெரிக்கக்காரி மேல் உடனே கோபம் வந்தது. எங்கேயாவது தப்புப் பண்ணியிருப்பாள் என்று தேட ஆரம்பித்தார். தேடினார், கிடைத்தது.

“ஹா!” என்று கையைத் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். “இதோ பாருங்க, இதான் ஃப்ளேர். இதோட உச்சியில எப்பவும் நெருப்பு எரியும். பிளாண்டோட உயிரே அதான். அந்தம்மா குப்பைத்தொட்டிய வரைஞ்சிருக்கா, நாணலை வரைஞ்சிருக்கா, நெருப்பை விட்டுட்டா! கோயிலை வரைஞ்சுட்டு சாமியை விட்ட கதையா இருக்கு. நோகாம தூரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து வரைஞ்சா இப்படித்தான்.”

கூட்டம் சிரித்தது. செல்வராஜ் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார். விஷயம் என்னவென்றால், அந்தம்மா அங்கேயே இருந்தார். பாயச டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். பெயர் லோயிஸ். எழுபது வயது இருக்கும். முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்க, பக்கத்தில் நின்ற அனன்யா, வெங்கடகிருஷ்ணனின் பெண், பதினேழு வயது, ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள்.

லோயிஸுக்கு வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை. படத்துக்குக் கிட்டே வந்தார்.

“நான் அதை மறக்கவில்லை,” என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். “அந்த நெருப்புக்காகத்தான் நான் தினம் கழிக்கரைக்குப் போவதே. நான் வரைந்த மற்ற ஆறு படத்திலும் அது இருக்கிறது. அன்றைக்கு மட்டும் இல்லை. வரும் வரும் என்று கடைசிவரை அந்த இடத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். இருட்டிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.” படத்தின் வலது மூலையைக் காட்டினார். பென்சிலில் பொடியாக எழுதியிருந்தது: அக்டோபர் 14, மாலை 5.50 முதல் 6.45 வரை.

செல்வராஜ் அதைப் படித்தார். வாயில் இருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“இன்னொன்றும் நினைவிருக்கிறது,” என்றார் லோயிஸ். “சில நாள் ஒரு ஆள் வெள்ளை ஹெல்மெட்டோடு வெளியே வந்து அந்த நெருப்பை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்ப்பார். நானும் அவரும் மட்டும்தான் அதைப் பார்க்கிறோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு அவரும் வரவில்லை. நீங்கள் அங்கேதானே வேலை செய்கிறீர்கள்? அது நீங்களா?”

ஹாலில் முப்பது பேர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யெஸ்,” என்றார் செல்வராஜ். “அது நான்தான்.”

சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. லோயிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு படத்தில் அவரையும் சின்னதாக வரைந்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக பிஸ்கட்டவே தமிழர்கள் செல்வராஜைக் கைதட்டிப் பாராட்டினார்கள், அதுவும் அல்பிரட் செய்த காரியத்துக்கு.

லோயிஸ் சீக்கிரமே விடைபெற்றுப் போய்விட்டார். அவர் கார் திரும்பியதும் அனந்தலக்ஷ்மி முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

“ஏன்னா, விளக்கு வெக்கற நேரத்துப் படம்னு சொன்னாளே, சரி. ஆனா அதுல விளக்கு மலையேறிடுத்துன்னு அர்த்தமா? அதையா நடு ஹால்ல மாட்டி வெச்சிருக்கோம்?”

“மாம், இட்ஸ் ஜஸ்ட் அ டிராயிங்,” என்றாள் அனன்யா.

“நீ சும்மா இரு. போன வாரம்தான் உனக்கு டிரைவிங் டெஸ்ட்ல போச்சு.”

அவ்வளவுதான், ஆளாளுக்கு வாஸ்து பேச ஆரம்பித்தார்கள். எம்.எஸ். படித்தவர், பி.எச்டி. வாங்கியவர், எல்லாரும் போனில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அது அக்னி மூலையா வாயு மூலையா என்று ஹாலில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இப்படிப்பட்ட பேச்சு வந்தால் செல்வராஜ் ஒரே வார்த்தையில் மானத்தை வாங்கிவிடுவார். இன்றைக்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அம்மா சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட். அந்தி நேரத்துல அணைஞ்ச விளக்கு, அது வீட்டுக்கு ஆகாது. வயசுப் பொண்ணு இருக்கற வீடு வேற. நான் எடுத்துட்டுப் போறேன். நமக்கென்ன, நெருப்போடயே இருக்கறவங்க.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்?” என்றாள் அனந்தலக்ஷ்மி. கேட்டுக்கொண்டே ஆணியிலிருந்து படத்தைக் கழற்ற ஆள் தேடினாள்.

காரில் பின்சீட்டை மடக்கிப் படத்தை வைத்தார்கள். பாதி வழியில் வான்மதி ஆரம்பித்தாள்.

“நீங்க எந்தக் காலத்துல சாஸ்திரம் பாத்தீங்க?”

“சும்மா வா.”

“மூலையில போட்டிருந்த தேதியை நானும் பாத்தேன். அல்பிரட் மாட்டிக்கிட்ட தேதிதானே அது?” அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். “எங்க வார்டுல பல்ஸைத் தொட்டுப் பாக்காம ஒரு நம்பரை எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க,” என்றாள் வான்மதி.

அன்றிரவு செல்வராஜ் தனக்குத் தானே வக்கீலாகி வாதாடினார். எழுபது வயதுக் கிழவி, கண் என்ன தெரியும். கழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவு சின்னச் சுடர் எப்படித் தெரியும். தேதியைத் தப்பாகப் போட்டிருப்பாள். ஒரே ஒரு தப்பு அந்தப் படத்தில் கிடைத்தால் போதும், இதுவும் தப்புதான் என்று தள்ளிவிடலாம். நிம்மதியாகப் படத்தை கராஜில் சுவரோடு திருப்பி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கே படத்தை ஏற்றிக்கொண்டு கழியோரப் பூங்காவுக்குப் போனார். லோயிஸ் உட்காருகிற இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, படமே காட்டியது. குளிர் காதை வெட்டியது. படத்தை ஒரு பெஞ்சில் சாய்த்துவைத்துவிட்டு, பைனாகுலரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்குக்கூட அவ்வளவு வன்மம் இருக்காது.

மூன்றாவது டவரில் பதினோரு மேடை. படத்திலும் பதினொன்று. நான்காவது டேங்கின் ஏணி இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சுற்றும். படத்திலும் அப்படியே சுற்றியது. டவரில் ஏழாவது மேடையின் கைப்பிடிக் கம்பி உள்பக்கமாக வளைந்திருக்கும். பல வருஷத்துக்கு முன் கிரேன் இடித்தது, மேலே பெயிண்ட் அடித்து விட்டுவிட்டார்கள், ஆலையில் பாதிப் பேருக்கு அது தெரியாது. லோயிஸ் அந்த வளைவைப் போட்டிருந்தார். நீராவி எது, புகை எது என்றுகூட அந்தம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நீராவி குழாயை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையாகும், அந்த ஒரு முழ இடைவெளியைக்கூட விடாமல் போட்டிருந்தார்.

ஒரு தப்பும் இல்லை.

நாலரை தாண்டி வெளிச்சம் இறங்கியது. ஃப்ளேரின் உச்சியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு ஒரு பொட்டு, பிறகு தெளிவாகச் சுடர். பைனாகுலர் தேவைப்படவில்லை. கழிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, மூக்குக் கண்ணாடி போட்ட ஐம்பத்தொன்பது வயதுக் கண்ணுக்கே அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு எழுந்து கதவைத் திறந்து நாற்பது அடி நடந்திருந்தால் போதும். ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்கள். அல்பிரட் ஏழு வாரம் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு பஸ் டிரைவர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அக்கறையோடு காத்திருந்து பார்த்ததை, அதைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய தான் பார்க்கவில்லை. செல்வராஜுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. மற்றவர்களிடம் காட்டிக் காட்டிப் பழகிய அருவருப்பு, அதனால் நன்றாகவே வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படத்தைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். மேனேஜரும் எச்.ஆர். பெண்மணியும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். ரிட்டையர்மென்ட் நெருங்குகிறதே, ஏதோ அன்பளிப்பு என்று நினைத்து மேனேஜர் சிரித்தார். செல்வராஜ் பெட்ஷீட்டை அவிழ்த்து, தேதியைக் காட்டி, நேரத்தைக் காட்டி, சுடர் இல்லாத உச்சியைக் காட்டி, கைப்பிடி வளைவு வரை ஒவ்வொன்றாக விளக்கினார். படம் சத்தியம் என்று நிரூபிக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

“அழகான படம்,” என்றார் மேனேஜர். “ஆனால் இது எனக்கு எதற்கு? நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கு வெளியே போய்ப் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“அன்றைக்கு மட்டும் போகவில்லையா?”

“ஒரு நாளும் போகவில்லை.”

எச்.ஆர். பெண்மணி அதை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அவர் முன்னால் நகர்த்தினார். அரைப் பக்கம்கூட வரவில்லை. செல்வராஜ் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்.

வெளியே வராந்தாவில் அல்பிரட் உட்கார்ந்திருந்தார். தீர்ப்புக் கேட்க வந்தவர், கோட்டும் டையும் கட்டியிருந்தார். அந்த கோட் அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. உடம்பு இளைத்திருக்க வேண்டும். செல்வராஜ் படத்தோடு எதிரில் போய் நின்றார்.

“சொல்லிட்டேன்பா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இதோ, இந்தப் படத்தால...”

அல்பிரட் படத்தைப் பார்த்தார். நிதானமாக, மூலையில் இருந்த தேதி வரைக்கும் பார்த்தார். பிறகு செல்வராஜை நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

“படம் எதுக்கு அண்ணை?” என்றார். “நீங்கள் வெளியில போறேல்லை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். உங்கட ஹெல்மெட் ஆணியில தூசி பிடிச்சுக் கிடந்தது. நான் ஆரிட்டயும் சொல்லேல்லை. ஒரு பெரிய மனுசன், தானாச் சொல்லுவார் எண்டு இருந்தனான். ஏழு கிழமை இருந்தனான். உங்கட வாயால வாற ஒரு சொல்லுக்கு, ஒரு வெள்ளைக்காரி கீறிக் காட்ட வேண்டிக் கிடக்கு.”

“அல்பிரட்...”

“கை நோகும் அண்ணை. படத்தைக் கீழ வையுங்கோ.”

அல்பிரட்டின் முகத்தில் கோபம் இல்லை. இவன் இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்ட ஒருவர், அதற்குமேல் செலவழிக்க ஒன்றுமில்லை என்று பார்க்கிற பார்வைதான் இருந்தது. செல்வராஜுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் அது அவர் முகத்தில் இருந்தது. எதிரில் நின்று வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து அல்பிரட்டைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு, செல்வராஜுக்கு இடித்துவிடாதபடி ஒதுங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.